வீட்டுச் சுவரில் பெரிய வரைபடம்: அறிகுறி பார்த்துக் குறை நீக்கும் வழிமுறை

ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள வரைபடங்களை வீடுகளில் மாட்டுவதும், பிறகு அவற்றில் தோன்றும் குறைகளைச் சரிசெய்வதும் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அழைத்தவர்களில் பெரும்பாலானோர் வரைபடத்தைத்தான் குறை சொன்னார்கள்; போய்ப் பார்த்தால் குறை பெரும்பாலும் அது தொங்கிய சுவரிலோ அதன்மேல் விழுந்த வெளிச்சத்திலோ இருந்தது. ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். முதற் காரணத்தைச் சோதித்து, அது இல்லை என்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இன்னும் வரைபடம் வாங்காதவர்கள் முதல் அறிகுறியையும் ஏழாவது அறிகுறியையும் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது.

## அறிகுறி 1: மாட்டிய பிறகு பெயர்களைப் படிக்க முடியவில்லை

### எங்கே நின்றாலும் ஒரு பக்கம் பளபளக்கிறது என்றால்

சன்னலோ விளக்கோ வரைபடத்தின் பரப்பில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. ஒரு கைக்கண்ணாடியை வரைபடத்தின்மேல் தட்டையாக வைத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். கண்ணாடியில் எந்த விளக்கு தெரிகிறதோ, எந்தச் சன்னல் தெரிகிறதோ, அதுதான் காரணம். மாட்டுவதற்கு முன்பே வெற்றுச் சுவரில் இதைச் செய்துபார்த்தால் பிற்பாடு வரும் தொல்லை பாதி குறையும். விளக்கை இடம் மாற்றுவது, திரைச்சீலை போடுவது, வரைபடத்தைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து பக்கச் சுவருக்கு மாற்றுவது என்ற வரிசையில் முயலுங்கள். எதுவும் உதவாவிட்டால் பளபளப்பான லேமினேஷனோ சாதாரணக் கண்ணாடியோ போட்டதுதான் பிழை. மங்கல் பரப்புள்ள லேமினேஷனில் வேறு பிரதி வாங்க வேண்டும், அல்லது சட்டகத்தின் கண்ணாடியை ஒளி திருப்பாத வகைக்கு மாற்ற வேண்டும். ஒருமுறை போட்ட லேமினேஷனைத் தாளிலிருந்து உரித்தெடுக்க முயலாதீர்கள். அச்சும் உடன் வந்துவிடும்.

### பளபளப்பு இல்லை, ஆனால் எழுத்து எட்டவில்லை என்றால்

வரைபடத்தின் முன்னால் சோபாவோ மேசையோ கட்டிலோ இருக்கிறதா என்று பாருங்கள். சோபாவுக்குப் பின்சுவரில் மாட்டிய வரைபடத்தை யாரும் ஒரு மீட்டருக்குக் குறைந்த தூரத்தில் நின்று பார்க்க முடியாது. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தை நல்ல பார்வையுள்ளவர் சிரமமின்றிப் படிக்கும் எல்லையும் கிட்டத்தட்ட அந்த ஒரு மீட்டர்தான். சிற்றூர்களின் பெயர்கள் அதைவிடச் சிறியனவாகவே அச்சாகின்றன. ஒரு செய்தித்தாளின் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, நிற்கக்கூடிய மிக அருகான இடத்தில் நின்று செய்தியின் உள்ளெழுத்தைப் படித்துப்பாருங்கள். படிக்க முடியாவிட்டால் அந்தச் சுவரில் எந்த விரிவான வரைபடமும் வெறும் வண்ணப்படமாகவே இருக்கும். மேசையை நகர்த்துவதற்குச் செலவில்லை. அதையே முதலில் செய்யுங்கள்.

### உயரம் ஒத்துவரவில்லை என்றால்

படங்களின் நடுப்பகுதியைத் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வைப்பது காட்சிக்கூடங்களின் வழக்கம். அதை அப்படியே குடும்ப வீட்டில் பின்பற்றினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப்பாருங்கள். 120 செ.மீ. உயரமுள்ள உலகப்படத்தின் அடிவிளிம்பு 90 செ.மீ. உயரத்தில் நிற்கும், ஐந்து வயதுக் குழந்தையின் கண் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்தக் குழந்தைக்குத் தெரியும் உலகம் அண்டார்டிகா மட்டும்தான். பிள்ளைகளுக்காக வாங்கியது என்றால் அடிவிளிம்பை 60 செ.மீ. அளவுக்கு இறக்குங்கள், பெரியவர்கள் குனிந்து பார்க்கட்டும்.

### மேற்கண்டவை எல்லாம் சரி, ஆனாலும் எழுத்து சிறியது அல்லது கலங்கியது என்றால்

இனி வரைபடத்தையே மாற்ற வேண்டியிருக்கலாம். இங்கே பலர் தடுமாறுவது தாளின் அளவும், நிலத்தின் தூரத்தை எத்தனை மடங்கு சுருக்கி வரைந்திருக்கிறார்கள் என்று சொல்லும் அளவுத்திட்டமும் வேறு வேறு என்பதில்தான். நிலநடுக்கோட்டின் சுற்றளவு 40,075 கி.மீ. ஆகையால், 1:4 கோடி அளவுத்திட்டத்தில் உலகப்படம் சுமார் ஒரு மீட்டர் அகலமும், 1:3 கோடியில் சுமார் 1.35 மீட்டரும், 1:2 கோடியில் சுமார் இரண்டு மீட்டரும் இருக்கும். ஆனால் இரண்டு மீட்டர் அகலமுள்ள படம் இரண்டு விதமாக உருவாகியிருக்கக்கூடும். முதல் விதத்தில் அந்த அளவுத்திட்டத்துக்காகவே தொகுத்து, சிறிய எழுத்திலேயே கூடுதல் ஊர்ப்பெயர்களைச் சேர்த்திருப்பார்கள். இரண்டாவது, சிறிய படத்தை அப்படியே பெரிதாக்கி அச்சிட்டது. பெயர்களின் எண்ணிக்கை அதிகமாகாது, எழுத்து மட்டும் பெரிதாகும். தள்ளி நின்று பார்க்கும் கூடத்துக்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் கருத்து. விரல் வைத்துத் தேடிப் படிக்கும் பழக்கமுள்ள வீட்டுக்கு முதலாவது.

எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டுபோல் உடைந்து தெரிந்தால், குறைந்த தரமுள்ள கோப்பிலிருந்து அச்சிட்டிருக்கிறார்கள். அங்குலத்துக்கு 150 புள்ளி என்று எளிமையாக வைத்துக்கொண்டாலும் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 11,800 படப்புள்ளிகள் வேண்டும். இணையத்தில் கிடைத்த படத்தை அச்சகத்தில் கொடுத்துப் பெரிதாக்கியவர்களுக்கு இதற்கு வேறு வழியில்லை. மறுபடி அச்சிட்டுத்தான் ஆக வேண்டும்.

## அறிகுறி 2: தாள் அலை அலையாக மேடுபள்ளம் கொண்டிருக்கிறது

இதுவே நான் மிக அதிகமாகச் சரிசெய்த குறை. முதலில் ஒரு வாரம் கவனியுங்கள். மழை நாட்களில் அலை கூடி, வறண்ட நாட்களில் தணிந்தால் காரணம் காற்றின் ஈரம்தான். ஈரம் ஏறும்போது தாள் விரிகிறது. ஒரு மீட்டர் அகலத் தாள் சில மில்லிமீட்டர் வளர்வது இயல்பு. வளர்ந்த தாளுக்குப் போக இடமில்லாதபோது அது முன்பக்கமாக வீங்குகிறது.

நான்கு பக்கமும் ஒட்டுநாடாவோ ஆணியோ இருக்கிறதா? கீழ்விளிம்பையும் இரு பக்கங்களையும் விடுவித்து, மேல்விளிம்பை மட்டும் பிடித்துத் தொங்கவிடுங்கள். அடுத்த நாளே பாதி அலை மறைந்துவிடும். பழைய பள்ளி வரைபடங்களில் மேலும் கீழும் ஒரு மரக்கட்டை இருந்ததற்குக் காரணம் இதுதான்: மேற்கட்டை பிடித்துக்கொள்கிறது, கீழ்க்கட்டை தன் எடையால் தாளை நேராக்குகிறது, பக்கங்கள் சுதந்திரமாக விரிந்து சுருங்குகின்றன. பெரிய தாளுக்கு இதைவிட மலிவான, இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

சட்டகத்துக்குள் இருக்கிறதா? பின்பலகையைக் கழற்றி, தாளின் விளிம்பு சட்டகத்தின் உட்பள்ளத்தில் இறுக்கமாக முட்டுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். சட்டகம் போடுபவர்கள் தாள் நகராமலிருக்க நான்கு ஓரமும் நாடா ஒட்டிவிடுவதுண்டு; மேலோரத்தில் இரண்டு சிறு துண்டுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.

அட்டையில் ஒட்டப்பட்டு, முழு அட்டையும் வில்போல் வளைகிறதா? நுரை அட்டையின் ஒரு முகத்தில் மட்டும் தாள் ஒட்டினால், பசை காயும்போது தாள் சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். பின்முகத்திலும் அதே கனமுள்ள தாளை அதே பசையால் ஒட்டினால் இழுப்பு சமனாகும். வளைவு இரண்டு செ.மீ.க்கு மேல் போயிருந்தால் வீட்டில் திருத்த முடியாது. அலுமினியத் தகட்டுப் பலகையில் மறுபடி ஒட்டித் தரும் அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

லேமினேஷன் செய்த தாளே அலை பாய்கிறதா? விளிம்பைத் தொட்டுப்பாருங்கள். பிளாஸ்டிக் படலம் தாளுக்கு அப்பாலும் நீண்டு இருபக்கமும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். விளிம்பு வெட்டப்பட்டுத் தாளின் ஓரம் வெளியே தெரிந்தால் அதன் வழியே ஈரம் புகுகிறது. அகலத்தைக் குறைக்க வீட்டில் கத்திரிக்கோல் போட்டவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். இதற்குத் திருத்தம் இல்லை. வறண்ட சுவருக்கு மாற்றிவிட்டு அலை மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வதே செய்யக்கூடியது.

இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுக்க வேண்டாம். லேமினேஷன் உருகும், வெறும் தாளோ பழுப்பேறும்.

## அறிகுறி 3: சுருண்ட வரைபடம் நேராக மறுக்கிறது

குழாய்க்குள் சுருட்டி வந்த தாளை, அச்சு முகம் கீழே இருக்கும்படி சுத்தமான தரையில் விரித்து, மேலே சுத்தமான தாள் போட்டு, புத்தகங்களை ஓரங்களிலும் நடுவிலும் அடுக்கி இரண்டு மூன்று நாட்கள் விடுங்கள். எதிர்ப்பக்கமாக இறுக்கிச் சுருட்டினால் சீக்கிரம் நேராகும் என்று சொல்வார்கள். அவசரத்தில் அப்படிச் சுருட்டித் தாளில் மடிப்புக்கோடு விழுந்த பிறகு வந்தவர்களும் இருக்கிறார்கள். மீண்டும் மீண்டும் முன்பக்கமாகவே சுருண்டால், ஒரு முகத்தில் மட்டும் லேமினேஷன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் புத்தகப் பாரம் போதாது. கீழே கட்டை பொருத்திய பிறகுதான் அடங்கும்.

## அறிகுறி 4: சுவரோடு ஒட்டிய வரைபடத்தில் குமிழும் பிளந்த இணைப்பும்

நீண்ட பட்டைகளாக வந்து, சுவர்த்தாளாக ஒட்டும் வரைபடங்களுக்கு மட்டும் உரியது இது.

ஒட்டிய அன்று தோன்றும் சிறு குமிழ்கள் காயும்போது தாமாகவே அடங்குவதுண்டு. இரண்டு நாட்கள் காத்திருங்கள். நிலைத்துவிட்டவற்றை மெல்லிய ஊசியால் குத்தி, காற்றை ஓரத்தை நோக்கித் துணியால் தள்ளுங்கள். பெரிய குமிழானால் மருந்தூசிக் குழாயால் உள்ளே சிறிது பசை செலுத்தி அழுத்தலாம். ஊசியைக் கடல் பகுதியில் குத்துவதைவிட எல்லைக்கோட்டின் மேலோ எழுத்தின் மேலோ குத்தினால் துளை கண்ணில் படாது.

இரு பட்டைகளின் இணைப்பில் கடற்கரைக்கோடு பொருந்தாமல் போனால், பட்டைகள் ஊறிய நேரம் வேறுபட்டதே பெரும்பாலும் காரணம். காகிதச் சுவர்த்தாள் பசை பட்டதும் சில நிமிடங்கள் விரியும். ஒரு பட்டையை ஐந்து நிமிடம் ஊறவிட்டு, அடுத்ததை உடனே ஒட்டினால் இரண்டும் ஒரே நீளமாக இருக்காது. பசை ஈரமாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் உரித்து மறுபடி ஒட்டலாம். காய்ந்த பிறகு அந்தப் பட்டையைப் புதிதாக அச்சிட வேண்டும். நெய்யா இழைச் (நான்-ஓவன்) சுவர்த்தாள் ஈரத்தில் விரிவதில்லை, பசையைச் சுவரில்தான் பூசுவார்கள். முதன்முறையாகச் செய்பவர்கள் அந்த வகையைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

முழுப் பட்டையும் பூச்சுத்தூளோடு சேர்ந்து பெயர்ந்து வந்தால் குறை சுவர்ப்பூச்சில் இருக்கிறது. அங்கே பசையை மாற்றிப் பயனில்லை. தளர்ந்த பூச்சைச் சுரண்டி, சுவரை அடிப்பூச்சால் இறுக்கித் தர ஒரு வண்ணம் பூசுபவரை அழைக்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுகச் சில வாரங்கள் எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

## அறிகுறி 5: கடல் நீலம் இருக்கிறது, நாடுகளின் நிறம் போய்விட்டது

அச்சு மைகளில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் வெளிச்சத்தில் முதலில் வெளுக்கும். நீலமும் கறுப்பும் நெடுநாள் தாங்கும். அதனால்தான் பழைய வரைபடங்கள் நீலம்பாரித்துக் காணப்படுகின்றன. சட்டகம் மூடியிருந்த ஓரத்தை வெளியே இழுத்து, திறந்திருந்த பகுதியோடு ஒப்பிடுங்கள். வெளுப்பு எவ்வளவு என்று உடனே தெரியும்.

இரு பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் சன்னல் வெயில். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் அந்தச் சுவரில் நேர்வெயில் விழுகிறதா என்று பாருங்கள். பருவத்துக்கேற்பச் சூரியனின் பாதை மாறுவதால் இப்போது விழாவிட்டாலும் சில மாதங்களில் விழலாம். திரைச்சீலை முதல் தீர்வு. முழுப்பரப்பும் சீராக வெளுத்திருந்தால் அருகிலுள்ள குழல்விளக்கைச் சந்தேகியுங்கள். புற ஊதாக்கதிர் மிகக் குறைவான எல்.இ.டி. விளக்குக்கு மாற்றுவது எளிது. அதற்கும் மேல் செலவிட விரும்பினால் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகட்டைச் சட்டகத்தில் போடலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மையை வெளுக்கச் செய்வதால் அந்தத் தகடு வெளுப்பைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களை 50 லக்ஸ் என்ற மங்கிய ஒளியில் வைத்திருப்பது அதனால்தான்.

போன நிறம் திரும்பாது. மலிவான பிரதியானால் புதிது வாங்குங்கள். கையால் வண்ணம் தீட்டிய பழைய வரைபடமானால் உடனே கழற்றித் தட்டையாக இருட்டில் வைத்துவிட்டு, தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 6: மஞ்சள் அல்லது கரும் புள்ளிகள், பின்புறம் ஈரவாடை

வரைபடத்தை உடனே சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள், சோதனையெல்லாம் பிறகு. ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. பூஞ்சை தூளாகப் பறந்தால், முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது சுவர். ஏறக்குறைய 30 செ.மீ. சதுரப் பாலித்தீன் தாளை, வரைபடம் இருந்த இடத்தில் நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாட்கள் விடுங்கள். பாலித்தீனின் உட்புறத்தில், அதாவது சுவர்ப் பக்கத்தில், நீர் கோத்திருந்தால் சுவரே ஓதம் கக்குகிறது. அறைப் பக்கத்தில் நீர் நின்றால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது.

அறை ஈரமானால் சட்டகத்தின் பின்மூலைகள் நான்கிலும் ஒரு செ.மீ. தடிப்புள்ள ரப்பர் துண்டுகளை ஒட்டிக் காற்று ஓட இடம் கொடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்தால் வெளிச்சுவரை விட்டு உட்சுவருக்கு மாற்றுங்கள். சுவர் ஓதமானால் அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறையோ தண்ணீர்க்குழாயோ போகிறதா என்று பாருங்கள். குழாய் என்றால் பிளம்பர். மேலிருந்து கசிவு அல்லது அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம் என்றால் கட்டட வேலை தெரிந்தவர். சரிசெய்து முழுதும் உலரும் வரை எந்தத் தாளும் அந்தச் சுவருக்குப் போகக் கூடாது.

## அறிகுறி 7: சாய்கிறது, இறங்குகிறது, விழுகிறது

சாய்வது மட்டும்தான் என்றால் ஒற்றை ஆணியில் தொங்குகிறது. அகலத்தை மூன்றாகப் பிரித்து, இரண்டு கொக்கிகளில் ரசமட்டம் வைத்து மாட்டினால் முடிந்தது.

ஒட்டுநாடாவில் தொங்குவது விழுந்தால் முதலில் சுவரின் தூசியையும் நாடாவின் தாங்குதிறனையும் பாருங்கள். நாடாவை நம்பி வெறும் தாளை மாட்டலாம். சட்டகத்தை மாட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சட்டகத்தின் எடையை ஊகிக்காமல் கணக்கிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிப்புக் கண்ணாடி சதுர மீட்டருக்கு 2.5 கிலோ எடையுள்ளது. இரண்டு மீட்டருக்கு 1.2 மீட்டர் என்ற அளவில் 3 மி.மீ. கண்ணாடி மட்டும் 18 கிலோ. அதே அளவு அக்ரிலிக் 9 கிலோவுக்குக் குறைவு. பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இந்த அளவுக்குக் கண்ணாடி போடுவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு சுவரைத் தட்டிக் கேளுங்கள். கெட்டி ஓசையானால் டிரில் போட்டு, துளைக்குச் சரியான பிளாஸ்டிக் பிளக் செருகி, ஸ்க்ரூ முடுக்குங்கள். பிளக் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுழன்றால் துளை பெரிதாகிவிட்டது, அடுத்த பெரிய அளவு பிளக் வேண்டும். வெற்றோசையானால் உள்ளே கூடான பலகைச் சுவர். பின்னால் விரிந்து பிடிக்கும் வகைக் கொக்கி அல்லது உள்ளிருக்கும் சட்டத்தைத் தேடி அதில் ஸ்க்ரூ. ஒவ்வொரு துளையிலும் பூச்சு உதிர்ந்துகொண்டே இருந்தாலோ, எடை 20 கிலோவைத் தாண்டினாலோ தச்சரை அழைத்து, ஒன்றில் ஒன்று மாட்டும் நீண்ட பட்டைகளைச் சுவரிலும் சட்டகத்திலும் பொருத்தச் சொல்லுங்கள். சுவிட்சுக்கும் பிளக் பாயின்டுக்கும் நேர்மேலே, நேர்பக்கத்தில் துளையிட வேண்டாம். மின்கம்பி வழக்கமாக அப்படித்தான் ஓடும். வேறு இடமே இல்லையென்றால் முதலில் மின்பணியாளர் பார்க்கட்டும்.

## அறிகுறி 8: வரைபடம் சொல்வதும் பிள்ளையின் பாடமும் ஒத்துப்போகவில்லை

கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறதா? உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. உங்கள் சுவரில் இருப்பது, உருண்டையான பூமியைத் தட்டைத் தாளில் வரைய 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் கடற்பயணத்துக்காக வகுத்த முறை, அச்சுப்பிழை அல்ல. பக்கத்தில் ஓர் உலக உருண்டையை வைத்து ஒப்பிடச் சொல்வது செலவு குறைந்த தீர்வு. மாற்றி வாங்குவதானால், வடிவத்துக்கும் பரப்புக்கும் இடையே சமரசம் செய்யும் விங்கெல் டிரிபெல் அல்லது ராபின்சன் முறையையோ, பரப்பைச் சரியாகக் காட்டும் 2018இன் ஈக்வல் எர்த் முறையையோ படத்தின் ஓரக்குறிப்பில் தேடிப்பாருங்கள்.

நாட்டின் பெயர் பழையதா? தெற்கு சூடான் இல்லையென்றால் படம் 2011 ஜூலைக்கு முந்தைய நிலையைக் காட்டுகிறது. இன்றைய எஸ்வாட்டினி சுவாசிலாந்து என்று இருந்தால் 2018க்கு முந்தையது. வட மாசிடோனியா என்றிருந்தால் 2019 அல்லது அதற்குப் பிந்தையது. கசகஸ்தானின் தலைநகர் நூர்சுல்தான் என்று அச்சாகியிருந்தால் 2019க்கும் 2022க்கும் இடைப்பட்டது. 1998 முதல் 2019 வரையிலும், 2022க்குப் பிறகும் பெயர் அஸ்தானாதான். ஒன்றிரண்டு பெயர்களுக்காகப் புதுப் படம் வாங்க வேண்டியதில்லை. சிறு ஒட்டுத்தாளில் புதுப்பெயரை எழுதிப் பிள்ளையையே ஒட்டச் சொல்லுங்கள்.

எல்லைக்கோடு வேறாக இருக்கிறதா? தகராறு உள்ள எல்லைகளை ஒவ்வொரு நாட்டு வெளியீடும் தன் அரசின் நிலைப்பாட்டின்படி வரைகிறது. பாடத்துக்குத் துணையாக வாங்குபவர்கள் தங்கள் நாட்டிலேயே வெளியான பதிப்பை வாங்கினால் இந்தக் குழப்பம் எழாது.

## அறிகுறி 9: பேனாக் கோடுகளும் குண்டூசித் துளைகளும்

லேமினேஷன் மேல் அழியா மையால் கிறுக்கியிருந்தால், வெண்பலகைப் பேனாவால் அதன்மேல் ஒருமுறை எழுதி உடனே துடையுங்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து போய்விடும். போகாவிட்டால் ஆல்கஹால் தோய்த்த பஞ்சு. முதலில் மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் தகட்டில் மட்டும் ஆல்கஹால் வேண்டாம், நுண்விரிசல் விடும். வெறும் தாளில் பட்ட பேனா மை போகாது. தேய்த்தால் அச்சுதான் போகும்.

போன இடங்களுக்குக் குண்டூசி குத்தும் வழக்கம் வீட்டில் இருந்தால், தாளைக் கெட்டிச் சுவரில் நேரே தொங்கவிடாமல், தக்கைப் பலகை வைத்து மாட்டுங்கள். லேமினேஷனில் விழுந்த துளைகளின் வழியே ஈரம் இறங்கும். அவற்றின் பின்புறத்தில் ஒளிபுகும் நாடாவைச் சிறு துண்டுகளாக ஒட்டி மூடிவிடலாம்.